'அவர்கள்' என்னும் சுட்டு: 'மகீனின் குதிரைகள்' பாடல்கள் குறித்துச் சில சிந்தனைகள்

இசைக்குழுவொன்றின் பாடல்களை இலக்கியத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என்னும் வினா நம்மிடையே இன்னும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. 2016ஆம் ஆண்டு பொப் டிலனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது எழுந்த விவாதங்களில் நம்மவர் பலரும் 'பாட்டு வேறு, கவிதை வேறு' என்ற நிலைப்பாட்டையே எடுத்தனர். சங்க இலக்கியத்தைக் கற்பிக்கும் நாம் இவ்வாறு கூறுவது வேடிக்கையானது. பாணரும் பொருநரும் விறலியரும் யாழோடும் முழவோடும் திரிந்த சூழலில் உருவானவை அப்பாடல்கள் என்பதையும், அவற்றின் சொற்கட்டு வாய்மொழிப் பாடன் மரபின் வழிப்பட்டது என்பதையும் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் மாணவராக இருந்து அவர் மேற்கொண்ட ஆய்வின் பயன் அது. பழைய பாணனை ஏற்றுக்கொண்ட நமது புலமையுலகம், கிற்றார் ஏந்திய பாணனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டமைக்குக் காரணம் இலக்கியக் கொள்கையன்று, வேறு கூச்சங்கள்.

அக்கூச்சங்களை நானும் அறிவேன். 1975ஆம் ஆண்டு பேராதனை வளாகத்துள் நுழைந்தபோது என்னிடம் இரண்டு இரகசியங்கள் இருந்தன. ஒன்று, விடுதி யன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் ஹந்தானைச் சரிவின் தேயிலை மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்களுள் ஒருத்தி என் தாய் என்பது. மற்றது, எனக்குப் பீற்றில்ஸ் குழுவினரின் பாடல்கள் பிடிக்கும் என்பது. முதலாவதை நான் மறைத்தது வெட்கத்தால். இரண்டாவதை மறைத்தது கொள்கையால். இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவையில் அப்பாடல்கள் வரும்போது ஒலியைத் தாழ்த்திவைத்துக் கேட்பேன். எங்கள் முற்போக்கு வட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் றொக் இசையை 'முதலாளித்துவத்தின் அழுகல் நாற்றம்' என்று ஒரு சொற்றொடரில் முடித்துவிட்டார். அவரிடம் மாற்றுக் கருத்துக் கூறும் துணிவும் கருவியும் அன்று என்னிடம் இருக்கவில்லை. கருவி பின்னர் கிடைத்தது. அதுபற்றியதே இக்கட்டுரை.

1982இல் உதவிப்பணம் பெற்றுச் சாந்திநிகேதனுக்குச் சென்றேன். அங்கு அறைத்தோழனாக வாய்த்த வங்க மாணவன் ஒருவன் சிறிய இசைத்தட்டொன்றிலிருந்து பதிவுசெய்த ஒலிநாடாவை ஓர் இரவு இசைக்கவிட்டான். குழுவின் பெயர் 'மொஹீனேர் கோராகுலி'. மகீனின் குதிரைகள் என்பது பொருள். நான் அங்கு போய்ச் சேர்வதற்கு முந்திய ஆண்டே, அதாவது 1981இல், அக்குழு கலைந்துவிட்டிருந்தது. ஆகவே அவர்களை மேடையில் காணும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. இந்த நாற்பதாண்டுக் காலமும் நான் நேசித்துவந்தது ஒலிநாடாவின் இரைச்சலுக்கிடையே கேட்ட குரல்களையே.

குழுவின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1970களின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஏழு இளைஞர் கூடி அமைத்தனர். மையமாக நின்றவர் கௌதம் சட்டோபாத்யாய். 1967இல் தொடங்கிய நக்சல்பாரி எழுச்சியின் அலையில் ஈர்க்கப்பட்டுச் சிறை சென்று மீண்டவர் அவர். விடுதலையின் பின்னர் சிலகாலம் வங்காளத்துக்கு வெளியே வாழவும் நேர்ந்தது. 1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகள் வெளிவந்தன. முதலாவதன் தலைப்பைத் தமிழில் 'கலங்கிய பறவையினமும் கல்கத்தா தொடர்பானவையும்' என்று பெயர்க்கலாம். ஆய்வேட்டுத் தலைப்பைப் போன்ற இதனைப் பாட்டுத் தட்டுக்குச் சூட்டிய குறும்பு கவனிக்கத்தக்கது. வெளிவந்த காலத்தில் அவற்றை வாங்கியோர் மிகச் சிலர். வங்க நடுத்தரவர்க்கம் தாகூர் பாடல்களையும் திரைப்பாடல்களையும் தாண்டி மூன்றாவதொன்றுக்குச் செவிகொடுக்க ஆயத்தமாக இருக்கவில்லை. கிற்றாரும் வயலினும் சாக்சபோனும் ஒருங்கே ஒலிக்க, அதன் நடுவே பாவுல் பாடகரின் குரல்வளைவு வந்து கலப்பதை எவ்வகையுள் அடக்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பேராதனை வாசகருக்கு இக்கலப்பு புதிதன்று. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினை இவ்வளாகத்து மேடைக்குக் கொணர்ந்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றைத் தயாரித்தளித்தபோது எழுந்த பிரச்சினையும் ஏறத்தாழ இதுவே. கிராமத்து வடிவத்தைச் செம்மைப்படுத்தினால் அது யாருடையது? ஆனால் வேறுபாடொன்று உண்டு. வித்தியானந்தனின் முயற்சியில் பழைய வடிவம் நவீன மேடையின் ஒழுங்குக்குள் கொணரப்பட்டது. கௌதமிடம் பாவுல் மரபு ஒழுங்கைக் குலைக்கும் சக்தியாகத் தொழிற்படுகிறது. எது சிறந்தது என்று கூறும் தேவை இல்லை. எனக்குப் பின்னது பிடிக்கும், அவ்வளவே.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ஜீவனானந்த தாஸ் எழுதி 1948இல் வெளிவந்த 'ஏழு விண்மீன்களின் இருள்' என்னும் தொகுதியில் 'குதிரை' என்றொரு கவிதை உண்டு. நிலவொளியில் மேயும் மகீனின் குதிரைகள் அதில் வருகின்றன. மகீன் யார் என்பது கவிதையில் சொல்லப்படுவதில்லை. அக்குதிரைகள் கற்காலத்தவை போலவும் இன்றைய நகரத்து லாயத்திலிருந்து அவிழ்த்துவிடப்பட்டவை போலவும் ஒரே கணத்தில் தோன்றுகின்றன. பெயரைக் கவிதையிலிருந்து எடுத்ததன் மூலம் அவ்விளைஞர்கள் தங்களை மேற்கத்தைய றொக் மரபின் நகலாகவன்றி, தாகூருக்குப் பிந்திய வங்க நவீன கவிதையின் வாரிசாகவே அறிவித்துக்கொண்டனர். இங்கிலாந்தின் பிங் புளொயிட் குழு அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் இருவரின் பெயர்களை ஒட்டித் தன் பெயரை அமைத்துக்கொண்டது. பெயர் சூட்டலில் ஒரு குழு எங்கே கடன்படுகிறது என்பது அதன் இலக்கியக் கொள்கையையே காட்டிவிடுகிறது.

இனி நான் மிகுதியாக நின்று பேச விரும்பும் பாடல். முதலாவது இசைத்தட்டில் இடம்பெற்ற 'ஹாய் பாலோபாஷி'. 'ஐயோ, நேசிக்கிறேன்' என்று பெயர்க்கலாம். அந்த 'ஹாய்' என்னும் அசைச்சொல்லில் ஏக்கமும் நாணமும் பெருமூச்சும் ஒருங்கே உள்ளன. பாடலின் பெரும்பகுதி ஒரு பட்டியல். பாடுபவன் தான் நேசிப்பவற்றைச் சொல்லிக்கொண்டே போகிறான்: நிலவில் நாணற்காட்டினூடே ஓடுதல், பிக்காசோ, புனுவல், தாந்தே, பீற்றில்ஸ், டிலன், பேத்தோவன், ரவிசங்கர், அலி அக்பர், மூடுபனியில் வீடு திரும்பும் விடியல். ஒவ்வொரு பட்டியலுக்கும் பின், இருந்தும் எதுவும் பிடிக்கவில்லையே, துயரம் எங்கோ ஒளிந்திருக்கிறதே என்னும் கருத்துப்படும் பல்லவி வருகிறது. கேட்பவர் இதனை இளைஞனுக்குரிய காரணமற்ற சோகம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே இறுதிப் பகுதி காரணத்தை வெளிப்படுத்துகிறது. கிராமங்களிலும் துறைமுகங்களிலும் வயல்வெளிகளிலும் அவர்கள் வியர்வை சிந்தி உழைப்பதைக் காணும்போதுதான் தனக்கு எதுவும் பிடிக்காமற் போகிறது என்கிறான். நல்ல நாள் விரைந்து வரட்டும். அப்போது எல்லாவற்றையும் ஒருசேர நேசிப்பேன் என்று பாடல் முடிகிறது.

சாந்திநிகேதனின் அந்த இரவில், தோழன் வரிவரியாகப் பொருள் சொல்லச் சொல்ல, எனக்கு முதலில் உண்டானது விடுதலையுணர்வு. பீற்றில்ஸையும் உழைப்பவரையும் ஒரே பாட்டில் ஒருவன் சொல்லிவிட்டான். சிறை சென்று மீண்ட ஒருவன் சொல்லியிருக்கிறான். 'அழுகல் நாற்றம்' என்ற தோழருக்கு ஏழாண்டு கழித்து எனக்கு விடை கிடைத்தது. 1971 ஏப்ரலில் நமது தீவிலும் இளைஞர் கிளர்ச்சி எழுந்து நசுக்கப்பட்டது. அதன் பின்வந்த ஆண்டுகளில் இங்கு படித்தவர்களுக்கு, தோல்வியடைந்த எழுச்சியின் பின் எதை நேசிப்பது என்னும் வினா வங்காளத்தாருக்கு இருந்த அளவு கூர்மையாகவே இருந்தது. இப்பாடல் அவ்வினாவைத் தவிர்க்கவில்லை. நேசிப்பவற்றைத் துறக்குமாறு அது கோரவுமில்லை. நேசத்தின் நடுவே முள்ளை இருக்கவிடுகிறது. நமது முற்போக்குத் திறனாய்வு அன்று கோரிய துறவினைவிட இது நேர்மையானது என்பதே இன்றும் என் கருத்து.

எனினும், அன்றிரவே சிறு நெருடலொன்றும் இருந்தது. அதனைச் சொல்லாகப் பிடிக்க எனக்கு நெடுங்காலம் சென்றது.

1984இல் ஒலிநாடாவுடன் ஊர் திரும்பினேன். இடையில் 1983 ஜூலை வந்துபோயிருந்தது. அதனைப் பற்றி இங்கு எழுதப் புகவில்லை. அண்ணன் குடும்பம் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியே ஏற்கெனவே தமிழ்நாட்டுக்குச் சென்றிருந்தது. அம்மா மட்டும் லயத்தில் இருந்தார். ஒரு மாலை அந்த நாடாவை அவருக்குப் போட்டுக்காட்டினேன். கேட்டுவிட்டு, 'ஏம்ப்பா, இந்தப் புள்ள என்னா சொல்லி அழுவுது?' என்றார். சொன்னேன். அது இன்னின்னதை விரும்புகிறதாம், ஆனால் வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் ஒன்றும் பிடிக்கவில்லையாம். அம்மா சற்று யோசித்துவிட்டு, 'அப்ப வேல செய்யிறவங்களுக்குப் பாட்டே இல்லேங்குதா?' என்று கேட்டார்.

திறனாய்வாளர் எவரும் இப்பாடல் பற்றி இதனினும் கூர்மையான வினாவை எழுப்பியதாக நான் அறியேன். பாடலில் நேசிப்பவன் ஒருவன், உழைப்பவர் வேறொருவர். நேசிப்பவனுக்குப் பிக்காசோ உண்டு, நிலவு உண்டு, துயரம்கூட உண்டு. உழைப்பவருக்கு வியர்வை மாத்திரமே உண்டு. அவர்கள் பாடுவதில்லை, கேட்பதில்லை, எதையும் நேசிப்பதில்லை. என் தந்தை மாசி மாதத்துக் காமன் கூத்தில் தப்பு அடித்தவர். அம்மாவுக்கு மலையிற் பாடும் பாடல்கள் நூற்றுக்கு மேல் தெரியும். சி.வி. வேலுப்பிள்ளை திரட்டி அச்சேற்றிய மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படித்தவர், கோப்பிக் காலந்தொட்டு இம்மலைகளில் உழைப்பும் பாட்டும் ஒருபோதும் பிரிந்திருக்கவில்லை என்பதை அறிவர். அரசியற் பாட்டும் இங்கு இருந்தது. தோட்டத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தாமே பாடி மக்களைத் திரட்டியவர். அப்பாடல்கள் 1940ஆம் ஆண்டளவில் சிறுநூலாகவும் அச்சாயின. உழைப்பவர் பாட்டின் பொருளாக மட்டுமன்றிப் பாடுபவராகவும் இருந்தமைக்கு நம் ஊர்ச் சான்று இது. றொக் இசையின் வேரும் அத்தகையதே. பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தோரின் வழித்தோன்றல்கள் பாடிய புளூஸ் பாட்டிலிருந்தே அது கிளைத்தது. ஆகவே உழைப்பவருக்கும் டிலனுக்கும் இடையே பாடல் இடும் பிளவு இசை வரலாற்றின்படியும் பொருந்தவில்லை.

நெருடலின் இடம் ஒரு சுட்டுப்பெயர். வங்கமொழியில் 'ஓரா' என்பது சேய்மைச் சுட்டு, அண்மைக்கு 'ஏரா'. நமது அவர்கள், இவர்கள் போன்றதே. மதிப்புக் குறிக்க வேண்டுமாயின் மூக்கொலியோடு வேறு வடிவம் உண்டு. பாடல் அதனைக் கையாளவில்லை. இச்சொல்லாட்சி கௌதமின் தலைமுறைக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெளிவு. தாகூர் தம் வாழ்நாளின் இறுதி ஆண்டான 1941இல் வெளியிட்ட 'ஆரோக்கியம்' தொகுதியில், பேரரசுகள் அழிய உழைப்பவர் மாத்திரம் நிலைப்பதைப் பாடிய புகழ்பெற்ற கவிதை இதே சுட்டினைக் கொண்டது. தாகூரிடம் அச்சேய்மை பொருத்தமானது. நிலக்கிழார் குடும்பத்துக் கவிஞர் சாய்வு நாற்காலியிலிருந்து காலத்தின் நெடுவெளியை நோக்குகிறார். முப்பத்தாறு ஆண்டுகளின் பின், கிராமங்களுக்குச் சென்று உழவரோடு கலப்பதையே இலட்சியமாகக் கொண்ட இயக்கத்திலிருந்து வந்தவன் பாட்டிலும் அதே சுட்டு மாறாதிருப்பதுதான் வியப்புக்குரியது. இயக்கம் கடக்க முனைந்த தூரத்தை இலக்கணம் கடக்கவில்லை.

இதனைக் குற்றமாகச் சொல்வதா, உண்மையாகச் சொல்வதா? நெடுங்காலம் குற்றம் என்றே எண்ணினேன். பின்னர் பாடலைத் தமிழாக்க முயன்றபோது வேறொரு கோணம் புலப்பட்டது. தமிழில் தன்மைப் பன்மை இருவகை: முன்னிலையாரை உள்ளடக்கும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்'. வங்கமொழியில் 'ஆம்ரா' என்னும் ஒன்றே உண்டு. கௌதம் 'ஆம்ரா' என்று பாடியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். கல்லூரி மாணவரும் நெல் நடுபவரும் ஒரே பன்மைக்குள் அடங்கிவிட்டதாகப் பாசாங்கு செய்யும் பாடல்களை நாம் ஏராளமாகக் கேட்டிருக்கிறோம். நமது எழுபதுகளின் கவியரங்கக் கவிதைகளில் 'நாம்' படாத பாடு பட்டது. 'அவர்கள்' என்று சொன்னவன் தான் நிற்கும் இடத்தை மறைக்கவில்லை. பாடலின் துயரமே அந்தச் சுட்டின் தூரந்தான். (யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் உயிரோடிருக்கும் 'உவர்' என்னும் இடைமைச் சுட்டு இவ்விடத்துக்கு உதவுமோ என்றும் எண்ணிப் பார்த்தேன். உதவவில்லை, அதில் ஏளனத்தின் நிழல் விழுந்துவிட்டது.)

ஆனால் அதே பாடலை நான் பாடும்போது என்ன நிகழ்கிறது? எனக்கு அவர்கள் 'அவர்கள்' அல்லர். 'நாங்கள்' என்றால் வளாகத்தை விலக்கிவிடுகிறேன். 'நாம்' என்றால் அம்மாவின் கூடையை நான் சுமந்ததாகிவிடும். சுமக்கவில்லை. அவர் சுமந்ததால் நான் படித்தேன். பாடலின் இறுதி அடிகளை நான் கேட்கும்போது, பட்டியலிட்டு நேசிப்பவனும் வியர்வை சிந்துபவரும் ஒரே வீட்டில் இருக்கின்றனர். அத்தகைய கேட்பவன் ஒருவனை இப்பாடல் எண்ணிப் பார்க்கவில்லை. அதன் எல்லை இதுவே. நல்ல நாளில் எல்லாவற்றையும் ஒருசேர நேசிப்பேன் என்னும் முடிவும் அவ்வெல்லையின் விளைவே எனலாம். ஒருசேர நேசித்தல் எதிர்காலத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. லயத்தில் அது ஒத்திவைக்கப்படவில்லை; பெரட்டுக் களத்தில் நின்று வேலை வாங்கிய அதே உடல்தான் இரவில் காமன் கூத்தில் விழித்திருந்தது.

குழுவின் பிற்காலப் பாடலொன்றையும் ஈண்டு குறிப்பிட வேண்டும். 1995இல் கௌதம் இளைய பாடகரைச் சேர்த்துக்கொண்டு 'மீண்டும் இருபதாண்டுகளின் பின்' என்னும் தொகுப்பினை வெளியிட்டார். இத்தலைப்பும் ஜீவனானந்தரை நினைவூட்டுவதே. அதிலுள்ள 'பிரித்திபி' என்னும் பாடல் உலகம் சுருங்கி வரவேற்பறைப் பெட்டிக்குள் அடைபட்டதைப் பேசுகிறது. செய்மதியும் கம்பிவடமும் எல்லைகளை அழித்துவிட்டன. ஆனால் நீயும் நானும் விண்மீன்களைவிடத் தொலைவாகிக்கொண்டிருக்கிறோம் என்பது அதன் கருத்து. இந்தியாவிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட நான்காவது ஆண்டில் எழுதப்பட்டது என்பதை நினைக்க அதன் கூர்மை விளங்கும். இங்கு 1977இன் பின் நாமும் வரவேற்பறைகளில் அப்பெட்டியை வரவேற்றவர்கள்தாம். 2006இல் அம்மெட்டு 'காங்ஸ்டர்' என்னும் இந்தித் திரைப்படத்தில் 'பீகி பீகி' என்னும் காதற்பாட்டாகியது. பாடியவர் வங்கதேசத்து றொக் பாடகர் ஜேம்ஸ். அவர் குரல் எனக்குப் பிடிக்கும். ஆயினும் செய்மதியும் பெட்டியும் சொற்களிலிருந்து அகற்றப்பட்டு, பிரிவுத்துயர் மாத்திரம் எஞ்சியது. பாடல் எதனைப் பற்றி எச்சரித்ததோ அதன் வழியாகவே, பெட்டியினூடாக, கோடிக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்தது. இளைஞர் பலர் இந்திப் பாட்டின் மூலத்தைத் தேடிச் சென்று கௌதமைக் கண்டடைந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நமது ஈழத்துப் பொப் இசை இத்தகைய கவிதையைத் தரவில்லையே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடியவற்றை நம் திறனாய்வு ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை. கள்ளுக்கடையையும் மாமியையும் பாடியவை என்று ஒதுக்கினோம். ஆனால் சுட்டுப் பிரச்சினை அப்பாடல்களில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. அவை தம் ஊராரோடு எதிரெதிராக நின்று, முன்னிலையில் பேசுகின்றன. தனியே ஆராயப்பட வேண்டிய விடயம் இது, இக்கட்டுரையில் இடமில்லை.

கௌதம் 1999இல் காலமானார். தொடக்கத்திலிருந்து உடனிருந்த ரஞ்சன் கோஷால் 2020இலும், தாபஸ் தாஸ் 2023இலும் மறைந்தனர். அம்மா அவர்களுக்கெல்லாம் முன்னரே, 1991இல், போய்விட்டார். 1925இல் எழுந்த ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை மூடப்பட்டுக் கிடந்து, 2001இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய உருளைகளும் சல்லடைகளும் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கு செல்லும்போதெல்லாம் அம்மாவின் வினா நினைவுக்கு வரும். பாட்டுக்கென்று ஒரு மூலை அங்கில்லை.

பாடலின் தமிழாக்கம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. பட்டியற் பகுதிகள் இடர்ப்பாடின்றி வந்துவிட்டன. பல்லவியும் ஒருவாறு அமைந்தது. 'ஓரா' வருமிடத்தில் முதலில் 'அவர்கள்' என்றும், பின் அதனை அடித்து 'நாங்கள்' என்றும், மறுபடி அடித்து 'அம்மா' என்றும் எழுதியிருக்கிறேன். மூன்றாவது மெட்டில் அடங்கவில்லை. சென்ற தவணையில் அதனை முதலாண்டு வகுப்பில் வாசித்தேன். பின்வரிசையிலிருந்த தோட்டத்து மாணவியொருத்தி, அவ்விடத்தை வெறுமையாக விட்டுத் தப்பு மாத்திரம் ஒலிக்கவிடலாமே என்றாள். அவ்வாறே பாடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.